கனவுக் கேமராவை மனத்தில் வடிவமைப்பது எப்படி?

முழுக்கக் கையால் இயங்கும் ஃபிலிம் கேமராவைக் கற்பனை செய்யும்போது, தோற்றத்தை ஒதுக்கிவிட்டு, ஃபிலிமில் ஒளியைப் படவிடும் திரையான ஷட்டரிலிருந்து தொடங்குங்கள். 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2-இன் ஷட்டர், மின்கலமே இல்லாமல் 1/4000 நொடி வரை இயங்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஷட்டரின் வேகத்தை மாற்றும் வேக வளையம். 1972-இல் எம்-1 என்ற பெயரில் அறிமுகமான ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் அது லென்ஸ் பொருந்தும் இடத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால், காட்சியைப் பார்க்கும் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஃபோகஸ், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு), வேகம் மூன்றையும் இடக்கை விரல்களால் திருப்பிவிடலாம். என்னைக் கேட்டால், இதைவிடச் சிறந்த அமைப்பு வேறில்லை.

வியூஃபைண்டரில் வேகமும் அபெர்ச்சரும் தெரிய வேண்டும். பென்டாக்ஸ் கே1000-இல் இரண்டுமே தெரியாது. ஒளிமானிக்கு, எளிதில் கிடைக்கும் எல்ஆர்44 மின்கலத்தையே குறித்துக்கொள்ளுங்கள். ஓஎம்-1 நம்பியிருந்த 1.35 வோல்ட் பாதரச மின்கலம் இப்போது தயாரிப்பில் இல்லை.