பதிவிறக்கிய மென்பொருள் அசல்தானா? செக்சமும் கையொப்பமும் சரிபார்க்கும் முறை

2017ஆம் ஆண்டு மே 2 முதல் மே 6 வரை, ஹேண்ட்பிரேக் என்ற திறமூலக் காணொளி மாற்றியை மேக் கணினிக்குப் பதிவிறக்கியவர்களுக்குத் தீநிரல் கலந்த கோப்பு கிடைத்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று அந்தத் திட்டக் குழுவே பின்னர் அறிவித்தது. அவர்களிடம் இருந்த இரண்டு பதிவிறக்கச் சேவையகங்களில் ஒன்றுக்குள் யாரோ நுழைந்து, அசல் கோப்பை எடுத்துவிட்டு, புரோட்டான் என்ற வேவு நிரலைச் சேர்த்துக் கட்டிய வேறொரு கோப்பை அதே பெயரில் வைத்திருந்தார்கள். பேனிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவன் ஃபிராங்க்கும் அந்த நாட்களில்தான் அதைப் பதிவிறக்கினார். நிரல் கேட்ட நிர்வாகிக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டார். விளைவாக அவருடைய நிறுவனச் செயலிகளின் மூலநிரல் திருட்டுப் போனது. தொழில் தெரிந்தவருக்கே இது நடந்திருக்கிறது. கோப்பைத் திறப்பதற்கு முன் அதன் செக்சத்தை ஒப்பிட்டிருந்தால் வித்தியாசம் அங்கேயே தெரிந்திருக்கும். அந்த ஒப்பீட்டையும், அதற்கு அடுத்த படியான கையொப்பச் சரிபார்ப்பையும் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

முதலில், செக்சம் என்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதிலுள்ள ஒவ்வொரு பைட்டையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டின் வழியாகச் செலுத்தினால், கடைசியில் 64 குறிகள் கொண்ட ஒரே ஒரு வரி கிடைக்கும். 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே அதில் இருக்கும். மூன்று ஜிபி கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாதபடி முழுவதும் மாறிவிடும். ஒரே வரி வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளைத் தயாரிக்கும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழைய எம்டி5 முறைக்கும் எஸ்எச்ஏ-1 முறைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை: முன்னதை 2004இல் சீன ஆய்வாளர் வாங் ஷியாவ்யுன் குழுவினர் உடைத்தார்கள், பின்னதில் ஒரே செக்சம் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் 2017 பிப்ரவரியில் தயாரித்துக் காட்டின. எனவே தளத்தில் பல வகைச் செக்சம் கொடுக்கப்பட்டிருந்தால் எஸ்எச்ஏ-256ஐயோ எஸ்எச்ஏ-512ஐயோ எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தைத் திறந்து, கோப்பு இருக்கும் அடைவுக்குப் போய், எஸ்எச்ஏ256சம் என்று இடைவெளி இல்லாமல் தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்; பெரிய கோப்பு என்றால் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையைக் கொடுப்பதே நல்லது, ஏனென்றால் அது கேட்காமலேயே எஸ்எச்ஏ-256ஐக் கணக்கிடும். சர்ட்யூட்டில் என்ற பழைய கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் கோப்பின் பெயருக்குப் பிறகு எஸ்எச்ஏ256 என்று சேர்க்க மறந்தால் அது எஸ்எச்ஏ-1ஐக் காட்டிவிடும். மேக்கில் உள்ள ஷாசம் கட்டளையும் அப்படித்தான். கழிக்குறியோடு ஏ என்ற எழுத்தையும், இடைவெளி விட்டு 256 என்ற எண்ணையும் சேர்த்தாக வேண்டும். "தளத்தில் இருப்பதும் எனக்கு வருவதும் பொருந்தவில்லை, கோப்பில் வைரஸ்" என்று பதறி என்னிடம் கேட்டவர்களில் பலருக்கும் வந்திருந்தது 40 குறிகள் கொண்ட வரிதான். பொருந்தவில்லை என்றால் முதலில் நீளத்தை எண்ணிப் பாருங்கள். கட்டளையே வேண்டாம் என்பவர்கள், விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி வரும் பட்டியலிலேயே எஸ்எச்ஏ-256ஐத் தேர்ந்தெடுக்கலாம்.

கிடைத்த வரியைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடும்போது முதல் நான்கையும் கடைசி நான்கையும் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவது பலருடைய பழக்கம். தற்செயலாகக் கெட்ட கோப்பைக் கண்டுபிடிக்க அது போதும். ஆனால் முனைகள் மட்டும் ஒத்துப்போகும் கோப்பைத் திட்டமிட்டுத் தயாரிப்பது, முழு வரியையும் ஒத்துப்போக வைப்பதைப்போல நடக்கவே முடியாத காரியமன்று. தளத்தில் உள்ள வரியை நகலெடுத்து, டெர்மினலில் தெரியும் முடிவுக்குள் தேடல் கட்டத்தில் ஒட்டிப் பாருங்கள்; கண்ணை நம்ப வேண்டியதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். பவர்ஷெல் பெரிய எழுத்தில் காட்டும், லினக்ஸ் சிறிய எழுத்தில் காட்டும், இரண்டும் ஒன்றே.

பொருந்தாவிட்டால் உடனே யாரையும் சந்தேகிக்க வேண்டாம். ஒரு முறை நண்பர் ஒருவருடைய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தேன். கைபேசியின் இணையத்தைப் பகிர்ந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய நிறுவல் கோப்பை) யூஎஸ்பியில் எழுதி நிறுவினால், மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றது. யூஎஸ்பியை மாற்றினோம், வன்தட்டைச் சந்தேகித்தோம், நினைவகத்தைக் கழற்றித் துடைத்தும் பார்த்தோம். ஒரு மதியம் முழுவதும் போன பிறகுதான் செக்சம் பார்க்கத் தோன்றியது. இடையில் இணைப்பு அறுந்து மீண்டும் தொடர்ந்த கோப்பு அது. மறுபடி இறக்கியதும் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் பார்த்தவரை பொருந்தாத செக்சங்களில் பெரும்பாலானவை இப்படி அறுந்த பதிவிறக்கங்களே. உங்களுக்குக் கிடைத்த எஸ்எச்ஏ-256 வரி ஈ3பி0சி44298 என்று தொடங்கினால் இன்னும் எளிது: அது ஒரு பைட்கூட இல்லாத வெற்றுக் கோப்பின் செக்சம், பதிவிறக்கம் தொடங்கவே இல்லை என்று பொருள். மறுபடி பதிவிறக்கியும், முடிந்தால் அதே கோப்பின் நகலை வைத்திருக்கும் வேறொரு சேவையகத்திலிருந்து (மிரர்) எடுத்தும், அதே தவறான வரி மாறாமல் வந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும். அந்தக் கோப்பைத் திறக்காமல் திட்டத்தினருக்குத் தெரிவியுங்கள்.

ஆனால் செக்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஹேண்ட்பிரேக் விவகாரத்தில் கெட்டது ஒரு பதிவிறக்கச் சேவையகம் மட்டுமே. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் திட்டத்துக்கு நேர்ந்தது வேறு: அவர்களுடைய இணையதளத்துக்குள்ளேயே ஊடுருவியவர்கள், 17.3 பதிப்பின் சின்னமன் வகைக்கான பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு (கணினிக்குள் இரகசியமாக நுழையும் வழி) பொதிந்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள்; திட்டத் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் அடுத்த நாளே அதைப் பகிரங்கமாக அறிவித்தார். தளத்தின் பக்கத்தையே மாற்ற முடிந்தவருக்கு, அதே பக்கத்தில் உள்ள 64 குறிகளை மாற்றுவது பெரிய வேலையா? கோப்பும் செக்சமும் ஒரே இடத்திலிருந்து வந்தால், அது திருடனிடமே சாட்சி கேட்பது போலத்தான். இந்த ஓட்டையை அடைக்கவே கையொப்பம் வந்தது.

வெளியீட்டாளரிடம் இரண்டு சாவிகள் இருக்கும். கையொப்பமிடும் இரகசியச் சாவி அவரிடமே இருக்கும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை எல்லோருக்கும் கொடுப்பார். தளத்தைக் கைப்பற்றியவரால் கோப்பை மாற்ற முடியும், செக்சத்தை மாற்ற முடியும், ஆனால் இரகசியச் சாவி இல்லாமல் பொருந்தும் கையொப்பத்தைப் போட முடியாது. ஜெர்மனியின் வெர்னர் கோக் தொடங்கிய ஜிபிஜி என்ற கட்டற்ற மென்பொருள்தான் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் அது ஏற்கெனவே இருக்கும், விண்டோஸுக்கு ஜிபிஜி4வின் என்ற பொதியும் அதோடு வரும் கிளியோபாட்ரா என்ற சாளரமும் உண்டு.

செய்முறை மூன்று கட்டமாக நடக்கும். வெளியீட்டாளரின் பொதுச் சாவியை ஜிபிஜிக்குள் சேர்த்துக்கொண்டதும், அதன் கைரேகையை, அதாவது அந்தச் சாவிக்கே உரிய அடையாள வரியைப் பாருங்கள். நான்கு நான்காகப் பிரித்து எழுதப்பட்ட 40 குறிகள் அதில் இருக்கும். இந்தக் கைரேகையைப் பதிவிறக்கப் பக்கத்தோடு மட்டும் ஒப்பிடாமல், வேறொரு வழியில் வந்த ஒன்றோடும் ஒப்பிட வேண்டும்: திட்டத்தின் ஆவணப் பக்கம், பழைய பதிப்போடு வந்த குறிப்பு, ஏற்கெனவே லினக்ஸ் வைத்திருக்கும் நண்பரின் கணினி என்று ஏதாவது ஒன்று. சாவிச் சேவையகத்தில் பெயரைத் தேடி முதலில் வருவதை எடுக்கக் கூடாது, ஏனென்றால் யார் பெயரிலும் யார் வேண்டுமானாலும் ஒரு சாவியை ஏற்றிவிடலாம். கைரேகையின் கடைசி எட்டுக் குறிகளை மட்டும் பார்ப்பதும் போதாது. அந்த எட்டும் ஒத்துப்போகும் போலிச் சாவிகளை எளிதாகத் தயாரிக்க முடியும் என்று 2014லேயே செய்து காட்டிவிட்டார்கள். இந்தக் கட்டுரையில் எந்தத் திட்டத்தின் கைரேகையையும் நான் கொடுக்காததற்கும் இதுவே காரணம்: முன்பின் தெரியாத ஒரு கட்டுரையிலிருந்து அதை நீங்கள் எடுக்கக் கூடாது.

அடுத்து, ஜிபிஜி என்று தட்டி, இரண்டு கழிக்குறிகளை ஒட்டி வெரிஃபை என்று எழுதி, முதலில் கோப்போடு சேர்த்துத் தளத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் கையொப்பக் கோப்பின் பெயரையும் பிறகு கையொப்பமிடப்பட்ட கோப்பின் பெயரையும் கொடுங்கள். 'குட் சிக்னேச்சர்' என்று ஒரு வரி வந்தால் கையொப்பம் பொருந்துகிறது. 'பேட் சிக்னேச்சர்' என்று வந்தால் கோப்பை அழித்துவிடுங்கள். நல்ல பதில் வந்த பிறகும் அதற்குக் கீழே, இந்தச் சாவி நம்பிக்கையான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை என்று ஒரு வார்னிங் வரும். புதிதாகச் செய்பவர்கள் பலர் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். இந்தச் சாவியின் உரிமையாளரை நேரில் சரிபார்த்ததாக நீங்கள் ஜிபிஜியிடம் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். 40 குறிகளையும் நீங்கள் ஒப்பிட்டிருந்தால் அந்த எச்சரிக்கையைக் கடந்து போகலாம். ஒப்பிடவில்லை என்றால் அந்த எச்சரிக்கை சொல்வது முற்றிலும் சரி.

மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையும் லினக்ஸ் மின்ட்டும் ஐஎஸ்ஓவின் மீது நேரடியாகக் கையொப்பமிடுவதில்லை; செக்சங்களின் பட்டியல் இருக்கும் சிறிய உரைக் கோப்பின் மீதுதான் கையொப்பமிடுகின்றன. ஆகவே 'குட் சிக்னேச்சர்' என்று வந்தது பட்டியலுக்கு மட்டுமே. உங்கள் ஐஎஸ்ஓவை இன்னும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பட்டியலை வைத்து ஐஎஸ்ஓவின் செக்சத்தை ஒப்பிட்டு முடித்தால்தான் சங்கிலி நிறைவடையும். எஸ்எச்ஏ256சம் கட்டளையோடு கழிக்குறியும் சி என்ற எழுத்தும் சேர்த்துப் பட்டியல் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒப்பீட்டைக் கணினியே செய்து, ஐஎஸ்ஓவின் பெயருக்கு எதிரே 'ஓகே' என்று காட்டும். பட்டியலில் உள்ள மற்ற கோப்புகள் உங்களிடம் இல்லாததால் வரும் புகார்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

விண்டோஸின் இஎக்ஸ்இ கோப்புகளுக்கு வேறு வழியும் உண்டு: பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவலைத் திறந்து, கையொப்பமிட்டவரின் பெயரைப் படியுங்கள். கையொப்பம் இருக்கிறது என்பதோடு நிறைவடையாமல் பெயரைப் படிப்பது அவசியம்; 2016 மார்ச்சில் மேக்குக்கான டிரான்ஸ்மிஷன் நிரலோடு கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரல் வந்தபோது அதிலும் செல்லுபடியாகும் ஆப்பிள் சான்றிதழ் இருந்தது, ஆனால் அது டிரான்ஸ்மிஷன் திட்டத்தினுடையதன்று. கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புக்கு (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) இந்த வழிமுறைகள் எதுவும் பொருந்தாது. ஒப்பிடுவதற்கு வெளியீட்டாளரே இல்லாத கோப்பை அழிப்பதுதான் சரிபார்ப்பு.

இவ்வளவும் செய்தாலும் அகப்படாத ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வழிகாட்டி எழுதுவது நேர்மையாகாது. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சுருக்க மென்பொருளைப் பல ஆண்டுகளாகத் தனியொருவராகப் பராமரித்துவந்த லாசே காலினுக்கு, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக வேலை செய்து, இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024இன் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தொலைவிலிருந்து கணினிக்குள் உள்நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாகச் சேவையகங்களுக்குள் நுழையும் பின்கதவு இருந்தது. செக்சம் பொருந்தியது, கையொப்பமும் பொருந்தியது. கையொப்பமிட உரிமை உள்ளவரே விஷத்தை வைத்தபோது அவை வேறென்ன சொல்லும்? மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளப் பணியில் இருந்த ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டப்போய், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பின்கதவை இயக்கும் வரி பொதுவில் உள்ள மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது.

சாதாரணப் பயனர் இதற்கு எதிராகச் செய்யக்கூடியது, அவசரப்படாமல் இருப்பதுதான். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றுக்குத்தான் சென்றிருந்தன; டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. வேலைக்கு வைத்திருக்கும் கணினியில் நிலையான பதிப்பையே வைத்திருங்கள். நிரலாளர்களுக்கும் இதே அறிவுரைதான்: 2025 செப்டம்பர் 8 அன்று ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மில் உள்ள சாக், டீபக் உள்ளிட்ட பொதிகளின் பராமரிப்பாளர் போலி மின்னஞ்சலில் ஏமாந்து, கிரிப்டோ பணத்தைத் திருடும் பதிப்புகள் வெளியானபோது, அவை சில மணி நேரத்திலேயே அகற்றப்பட்டன. எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக்ஃபைலில் உள்ள பதிப்புகளை மட்டுமே நிறுவியவர்களும், புதிய பதிப்பு வந்து சில நாட்கள் கழித்தே எடுக்கும் வழக்கமுள்ளவர்களும் அதில் சிக்கியிருக்க மாட்டார்கள். அதே மாதத்தில், இந்தப் பொதிகளை நிறுவப் பயன்படும் பிஎன்பிஎம் கருவி, இத்தனை நிமிடம் பழையதாகாத பதிப்பை எடுக்காதே என்று கட்டளையிடும் வசதியைச் சேர்த்தது, அதைப் பயன்படுத்துங்கள்.

கெட்ட கோப்பை ஏற்கெனவே இயக்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால், நிரலை நீக்குவதோடு நிறுத்தக் கூடாது. அது விட்டுச் சென்றது அங்கேயே இருக்கும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு உலாவியில் சேமித்த மற்றவை என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். எஸ்எஸ்எச் சாவிகள் இருந்தால் அவற்றையும் புதுப்பியுங்கள். பிறகு உங்கள் ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வன்தட்டை முழுவதும் அழித்து, வேறொரு நல்ல கணினியில் பதிவிறக்கிச் செக்சமும் கையொப்பமும் பார்த்த ஐஎஸ்ஓவைக் கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள்.