மருந்தில்லாமல் சிகரெட்டை விட: முதல் மூன்று வாரத்துக்கான வழிமுறை

சிகரெட்டையோ பீடியையோ விட நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டியது ஒரு துண்டுச்சீட்டு. அதை மடித்துச் சிகரெட் பாக்கெட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள். நான்கு நாட்கள், ஒவ்வொரு முறை பற்றவைக்கும் முன்பும் மணி என்ன, எங்கே நிற்கிறீர்கள், பக்கத்தில் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். நான்காம் நாள் படித்துப் பார்த்தால், கழிவறைக்குப் போகும் முன் ஒன்று, டீயோடு ஒன்று, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளையும் இடமும் இருப்பது தெரியும். அந்தந்த வேளைக்கு என்ன மாற்று என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்காதவர்தான் இரண்டாம் நாளே கடைக்குப் போய் நிற்கிறார்.

சீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் இந்த வழிகளோடு டாக்டரையும் பார்ப்பது நல்லது. நிகோடின் சூயிங்கம் போன்ற உதவியை வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"பத்தை ஐந்தாக்கி, பிறகு மூன்றாக்குவோம்" என்ற திட்டம் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். மிச்சமிருக்கும் ஐந்தையும் ஆழமாக, பஞ்சு வரை இழுப்பீர்கள்; சிகரெட் பாதியாகும், நிகோடின் பாதியாகாது. 'லைட்' சிகரெட்டுக்கு மாறினாலும் இதே கதைதான். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறித்து, அன்றே முழுதாக நிறுத்துங்கள். முந்தின இரவே லைட்டர், சாம்பல் கிண்ணம், வண்டிப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய பாக்கெட் எல்லாம் வெளியே போகட்டும். நம் ஊரில் ஒற்றைச் சிகரெட் பெட்டிக்கடையில் கிடைத்துவிடும் என்பதால் வீட்டைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. வழக்கமான கடைக்காரரிடம், "நான் கேட்டாலும் கொடுக்காதீங்கண்ணே" என்று சொல்லி வையுங்கள். முதல் இரண்டு வாரம் அந்த வழியையே மாற்றினால் இன்னும் நல்லது.

டீயும் காபியும்

பலர் சறுக்குவது இங்கேதான். புகையில் உள்ள சில பொருட்கள், கல்லீரல் காஃபினை வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகையை நிறுத்திய சில நாட்களில் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமான ஐந்து டீயையே குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தங்கும். படபடப்பு வரும், தூக்கம் போகும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்றவைத்து விடுகிறார்கள். ஆகவே டீ, காபியைப் பாதியாக்குங்கள். மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம்.

மிச்ச வேளைக்குச் சுக்குமல்லிக் காபி போதும், அதில் காஃபின் கிடையாது. விரல் கணு அளவு சுக்கைத் தட்டி, 2 தேக்கரண்டி மல்லி விதை, 4 மிளகோடு 2 தம்ளர் தண்ணீரில் போட்டு, ஒன்றரைத் தம்ளராகும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கருப்பட்டி கொஞ்சமாக. சிகரெட் பிடித்த கையிலேயே தம்ளரைப் பிடியுங்கள். அந்தக் கைக்கும் ஒரு வேலை வேண்டும்.

ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு ஓலன்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறலாம். நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சொல்ல வேண்டும்.

ஆசை எழும்போது

ஒரு தடவை எழும் ஆசை பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் தணிந்துவிடும். கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்போது கடிகாரத்தைப் பாருங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து 8 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்தால் 2 நிமிடம் ஓடிவிடும். சிகரெட் தரும் நிம்மதியில் ஒரு பங்கு, அதை இழுக்கும் சாக்கில் விடும் நீண்ட மூச்சுதான். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். முடிந்தால் 10 நிமிடம் வேக நடை. சாப்பாட்டுக்குப் பிந்தைய சிகரெட்டுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை.

வாய்க்கு அரைத் தேக்கரண்டி சோம்பு, ஓர் ஏலக்காய், உப்புத் தொட்ட நெல்லித் துண்டு. கிராம்பு என்றால் ஒன்று போதும். கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் வாய் எரியும். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். இவை எதுவும் நிகோடினுக்கு ஈடல்ல, அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க ஒரு பிடிமானம், அவ்வளவே. பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்: புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப்புற்றை உண்டாக்கும். மூலிகை சிகரெட்டும் வேண்டாம்; எந்த இலை எரிந்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் கடினம். எரிச்சல், தலைபாரம், கவனம் சிதறுவது எல்லாம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சண்டை குறையும். சிகரெட் இல்லாமல் காலையில் வயிறு இளகாது என்பவர்களின் தொல்லையும் உண்மைதான், நிகோடின் குடலைத் தூண்டும். எழுந்ததும் இரண்டு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். இரவில் கொய்யாவோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். குடல் பழக ஓரிரு வாரம் ஆகும். சளியோடு இருமல் கூடினால் பயப்பட வேண்டாம், மூச்சுக்குழாய் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. ரத்தம் கலந்து வந்தாலோ, ஒரு மாதம் தாண்டியும் நீடித்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

மது அருந்தும் இடத்துக்கு முதல் மாதம் போகாதீர்கள், "ஒண்ணுதானே" என்ற பேச்சு அங்கேதான் எழும். அப்படியும் ஒன்று பிடித்துவிட்டால் மிச்சத்தை உடனே தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு, என்ன வேளை, யாரோடு என்று அதே சீட்டில் எழுதுங்கள். தேதியை மாற்ற வேண்டாம், "இனி திங்கட்கிழமையிலிருந்து" என்று தள்ளவும் வேண்டாம். தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற தேசிய உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.