டாலர் கணக்கு திறக்கும் முன்: சிறு ஏற்றுமதியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரூரில் மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவர், வங்கியிலிருந்து வந்த வரவுச் சீட்டு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அமெரிக்க பையர் ஒருவர், ஹாம்பர்க்கில் இன்னொருவர் என்று இரண்டே வாடிக்கையாளர்கள். அந்நியச் செலாவணிக் கணக்கு திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆண்டுக் கட்டணம் இல்லை, குறைந்தபட்ச இருப்பும் வேண்டாம் என்று கிளையில் சொன்னார்களாம். அதற்காகவே மூன்று வங்கிகளை ஒப்பிட்டு அந்த வங்கியைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

சீட்டில் கட்டணம் என்ற கட்டத்தில் சிறு தொகைதான் இருந்தது. நான் விரல் வைத்துக் காட்டியது அதற்கு மேலிருந்த வரியை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். வந்த தொகை 30,000 டாலர். அன்றைக்குச் சந்தையில் டாலர் 85 ரூபாய். வங்கி இவருக்குக் கொடுத்தது 84 ரூபாய் 40 காசு. டாலருக்கு 60 காசு வீதம் 18,000 ரூபாய் அந்த ஒரு பில்லில் மட்டும் போயிருந்தது. மாதம் ஒரு பில் என்றால் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். தையல் பிரிவில் ஓர் ஆளின் ஆண்டுச் சம்பளம் அது. அந்தப் பணம் கட்டணமாக எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. மாற்று விலைக்குள் கரைந்துவிடுகிறது.

பல ஆண்டுகள் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே கணக்கு திறக்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி “சார்ஜ் எவ்வளவு?” என்பதுதான். “என் டாலரை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரையில் வேறு தவறுகளையும் சொல்லப்போகிறேன். அவற்றில் இதைவிடப் பணத்தைத் தின்னும் தவறு எதுவுமில்லை.

விலையை எப்படிக் கேட்பது

வங்கிகள் காலையில் ஒரு விலைப் பட்டியல் வெளியிடும். ‘கார்டு ரேட்’ என்பார்கள். எதுவும் கேட்காதவருக்குக் கிடைப்பது அந்த விலை. வங்கிக்குச் சாதகமான இடைவெளி அதில் தாராளமாக இருக்கும். தொகை ஓரளவு பெரியதாக இருந்தால், நாணயங்களை வாங்கி விற்கும் வங்கியின் டீலிங் பிரிவைத் தொலைபேசியில் பிடித்து அந்த நேரத்துச் சந்தை விலையை ஒட்டிப் பேசி வாங்கலாம். கணக்கு திறப்பதற்கு முன்பே இதைப் பேசி, சந்தை விலைக்கும் உங்களுக்குத் தரும் விலைக்கும் இடையே எத்தனை காசு என்பதை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு கிளை மேலாளர் மாறுதலாகும் நாள்வரைதான் செல்லும்.

ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் உண்டா என்றால், உண்டு. டாலர், யூரோ, பவுண்ட், யென் ஆகிய நான்குக்கும் எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் பிற்பகலில் ஆதார விலை வெளியிடுகிறது. உங்கள் சீட்டில் உள்ள விலையை அன்றைய ஆதார விலைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். சந்தை நாள் முழுதும் ஏறி இறங்குவதால் ஒரு சீட்டை வைத்துச் சண்டை போட முடியாது. ஆறு சீட்டுகளில் ஒரே திசையில் ஒரே அளவு குறைந்திருந்தால் பேச இடமிருக்கிறது. 2019 ஆகஸ்டில் ‘எஃப்.எக்ஸ். ரீடெய்ல்’ என்ற மின்னணுத் தளத்தையும் தொடங்கினார்கள். சிறு வாடிக்கையாளரும் தன் வங்கி வழியாகப் பதிவு செய்துகொண்டு சந்தை விலையிலேயே டாலரை விற்கலாம். வங்கி தன் கட்டணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே கரூர், திருப்பூர், பொள்ளாச்சியில் பலருக்குத் தெரியாது என்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தத் தளத்தில் சேர்த்துவிடுவீர்களா என்று வங்கியிடம் கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே அந்தக் கிளையைப் பற்றித் தெரிந்துவிடும்.

பணத்தை மாற்றும்போது ஜி.எஸ்.டி.யும் உண்டு. மாற்றும் தொகை முழுவதற்கும் 18 சதவீதம் என்று நினைத்துப் பதறுகிறார்கள். அப்படியில்லை. தொகையில் ஒரு சிறு பங்கைத்தான் சேவையின் மதிப்பாகக் கணக்கிட்டு அதற்கு 18 சதவீதம் போடுகிறார்கள். மேலே சொன்ன 30,000 டாலருக்கு அது 1,270 ரூபாய் அளவில்தான் வரும். எவ்வளவு பெரிய தொகையானாலும் 10,800 ரூபாயைத் தாண்டாது.

டாலரைப் பூட்டி வைக்கும் பெட்டி அல்ல

இந்தியாவில் ஏற்றுமதி செய்பவர் பொதுவாகத் திறப்பது இ.இ.எஃப்.சி. கணக்கு. ஈட்டிய அந்நியச் செலாவணியை ரூபாயாக மாற்றாமல் அதே நாணயத்தில் வைத்திருக்க உதவும் நடப்புக் கணக்கு இது. வருமானம் முழுவதையும் இதில் வரவு வைக்கலாம். மென்பொருள் எழுதுபவர், வெளிநாட்டுக்கு ஆலோசனை சொல்பவர் போன்றோரும் திறக்கலாம். வெளிநாட்டுக் கடனாகவோ முதலீடாகவோ வந்த பணத்தை மட்டும் இதில் போட முடியாது.

“ரூபாய் இன்னும் சரியும், டாலராகவே வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லித்தான் பலர் இதைத் திறக்கிறார்கள். ஆனால் ஒரு மாதத்தில் வந்த பணத்தில் செலவு போக, முன்கூட்டி ஒப்புக்கொண்ட தேவைகள் போக மீதியை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மார்ச் 1-ஆம் தேதி வந்த பணத்துக்கும் மார்ச் 31-ஆம் தேதி வந்த பணத்துக்கும் கெடு ஏப்ரல் 30-தான். ஒன்றுக்கு அறுபது நாள், இன்னொன்றுக்கு முப்பதே நாள். இது தெரியாதவர் கடைசி நாளில் வங்கி தானாக மாற்றிவிடும்போதுதான் விழித்துக்கொள்கிறார். அன்றைக்கு யாரும் டீலிங் பிரிவிடம் விலை பேசுவதில்லை; கார்டு ரேட் விழுந்துவிடும். நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, அதற்குள் என்ன செய்வது என்று முடிவெடுங்கள்.

இந்த இருப்புக்கு வட்டி ஒரு காசும் கிடையாது. இதை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கவும் முடியாது. ஒருமுறை ரூபாயாக எடுத்துவிட்டால் அதைத் திரும்ப டாலராக்கி இந்தக் கணக்கில் போடவும் முடியாது. ஆகவே ரூபாயில் ஓவர் டிராஃப்டுக்கு வட்டி கட்டிக்கொண்டே இங்கே டாலரைச் சும்மா கிடக்க விடுவது, ஒரு கையால் நீர் இறைத்து மறு கையால் கொட்டும் வேலை. மாற்று விலை எப்படிப் போகுமோ என்ற அச்சம்தான் காரணம் என்றால், அதற்கு ஃபார்வர்டு ஒப்பந்தம் என்ற தனி வழி இருக்கிறது; பின்னால் ஒரு தேதியில் மாற்றப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி முடித்துக்கொள்வது அது.

குஜராத்தின் காந்திநகரில் சர்வதேச நிதி மையமாக இயங்கும் கிஃப்ட் சிட்டியில் உள்ள வங்கிகளில் ஏற்றுமதியாளர்கள் வைக்கும் கணக்குகளுக்கு இந்தக் கெடுவை 2025-இல் மூன்று மாதமாக நீட்டினார்கள். மாதம் ஒரு பில் அனுப்பும் சிறு தொழிலுக்காக இன்னொரு வங்கி, இன்னொரு தொகுதி ஆவணங்கள் என்று அங்கே போவது பெரும்பாலும் வீண் அலைச்சல் என்பது என் கருத்து.

அப்படியானால் இந்தக் கணக்கு யாருக்கு? வெளிநாட்டுப் பணம் உள்ளே வருவதோடு வெளியேயும் போகிறவருக்கு. ஆம்பூரில் ஷூ செய்து விற்பவர், அடிப்பாகத்தையோ ரசாயனத்தையோ இத்தாலியிலிருந்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த யூரோவை ரூபாயாக்கி, இரண்டு வாரம் கழித்து அதே ரூபாயை மறுபடி யூரோவாக்கி அனுப்பினால் விற்கும்போது ஒரு இடைவெளி, வாங்கும்போது ஒரு இடைவெளி. இ.இ.எஃப்.சி.யிலிருந்து நேரே அனுப்பினால் இரண்டும் மிச்சம். கண்காட்சிக் கட்டணம், வெளிநாட்டு முகவரின் கமிஷன், மாதிரிச் சோதனைக் கட்டணம் எல்லாம் இதில் சேரும். வெளிநாட்டுச் செலவே இல்லாதவர் நல்ல மாற்று விலை தரும் சாதாரண நடப்புக் கணக்கோடு நிம்மதியாக இருக்கலாம். கரூர்க்காரரிடமும் இதைத்தான் முதலில் கேட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குப் போவதைத் தவிர அவருக்கு வெளியே எந்தச் செலவும் இல்லை.

நாணயத்தில் வரும் குழப்பம்

அவர் திறந்திருந்தது டாலர் கணக்கு மட்டும். ஹாம்பர்க் பையர் கொடுப்பதோ யூரோ. வந்த யூரோவை வங்கி முதலில் டாலராக்கியது. மாதக் கடைசியில் டாலரை ரூபாயாக்கியது. ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்கு அரை போகிறது என்று வைத்தாலும், 20,000 யூரோ பில்லில் முதல் மாற்றத்தில் 100, இரண்டாவதில் 100 என்று கிட்டத்தட்ட 200 யூரோ. முதல் 100 முழுக்கத் தேவையற்ற இழப்பு. “வெளிநாட்டுப் பணம் என்றால் டாலர்தானே” என்று நினைத்ததால் வந்தது. பில் எந்த நாணயத்தில் போடுகிறீர்களோ அந்த நாணயத்தில் கணக்கு திறக்க வேண்டும். அந்த வங்கி அதைத் தருமா, அந்த நாணயத்துக்கு எந்த வெளிநாட்டு வங்கி வழியாகப் பணம் பெறுகிறது என்பதை முன்பே கேட்டு, பையருக்கு அனுப்பும் பில்லில், உங்கள் வங்கியைப் பன்னாட்டுப் பணப் பரிமாற்றத்தில் அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடுடன் அதையும் அச்சடித்துவிடுங்கள்.

நடுவே வரும் வங்கிகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அனுப்புபவர் படிவத்தில் முழுக் கட்டணமும் தனதே என்று குறித்தால் உங்களுக்கு முழுத் தொகை வரும். பங்கிட்டுக்கொள்வதாகக் குறித்தால் 20, 30 டாலர் குறைந்து வரலாம். சிறிய மாதிரி ஆர்டருக்கு அது வலிக்கும். விலை பேசும்போதே யார் ஏற்பது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் வந்துவிட்டது, பாக்கி போகவில்லை

பொள்ளாச்சியில் தென்னைநார் கட்டிகளை ஏற்றுமதி செய்யும் இளைஞர் ஒருவர் கோப்போடு வந்து கேட்ட கேள்வி இது: “பணம்தான் முழுக்க வந்துவிட்டதே சார், இன்னும் ஏன் பாக்கி என்று காட்டுகிறது?” சரக்கு அனுப்பும்போது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த ஏ.டி. கோடு பழைய வங்கியுடையது. பணம் வந்தது புதிதாகக் கணக்கு திறந்த வங்கிக்கு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏற்றுமதியாளர் தன் வங்கியின் ஏ.டி. கோடைச் சுங்கத்துறையில் பதிவு செய்கிறார். அந்நியச் செலாவணி வேலைக்கு அனுமதி பெற்ற வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் 14 இலக்க எண் அது. சரக்கு கப்பலேறும்போது ஷிப்பிங் பில்லின் விவரம் அந்தக் கோடைப் பிடித்துக்கொண்டு ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். என்ற கணினி அமைப்பில் அந்த வங்கியின் பக்கத்தில் போய் உட்காருகிறது. பணம் வந்ததும் வங்கி அந்தப் பில்லோடு வரவைப் பொருத்தி முடிக்க வேண்டும். பில் ஒரு வங்கியிலும் பணம் இன்னொரு வங்கியிலும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். பணம் வந்ததற்கான மின்னணுச் சான்று எடுக்க முடியாது. ஏற்றுமதிச் சலுகைகள் சிக்கலாகும். அந்த இளைஞர் பழைய வங்கியிலிருந்து பில்களைப் புதிய வங்கிக்கு மாற்றக் கடிதம் கொடுத்து, ஒவ்வொரு பில்லாகப் பொருத்தி முடிக்க நான்கு மாதம் அலைந்தார். கணக்கை மாற்றினால் முதல் சரக்கு புறப்படுவதற்கு முன்பே புதிய கோடைச் சுங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

பணம் எதற்காக வந்தது என்று சொல்லும் குறியீடும் அப்படித்தான். சரக்கு அனுப்பும் முன் வந்த முன்பணத்துக்கு பி 0103. அவசரத்தில் வேறொன்றை எழுதிக் கொடுத்தால், பின்னால் பில்லோடு பொருத்தும்போது இடிக்கும். தாய் நிறுவனமோ இடைத்தரகரோ பையருக்குப் பதிலாகப் பணம் அனுப்பப் போகிறார் என்றால், அதையும் வங்கியிடம் முன்பே சொல்லி ஆவணங்களில் காட்ட வேண்டும்.

இதனால்தான் கிளையையும் பார்க்கச் சொல்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தேர்ந்தெடுத்த கிளையில் அந்நியச் செலாவணி வேலை நடக்காமலே இருக்கலாம். தாள்களை வாங்கிக் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு கையெழுத்து குறைந்தால் மூன்று நாள் போகும், அந்த மூன்று நாளில் விலையும் மாறும். உங்கள் தாளைக் கடைசியில் யார் பார்க்கிறார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

துபாயில் இருக்கும் தம்பியின் என்.ஆர்.இ. கணக்கில், அதாவது வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான கணக்கில், ஏற்றுமதிப் பணத்தைப் போடச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். விதி மீறல் என்பது ஒருபுறம். ஏற்றுமதி செய்ததற்கான பணம் உங்களுக்கு வந்தது என்பதற்கே ஆதாரம் இல்லாமல் போகும், ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் சிக்கலாகலாம்.

சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் ஏற்றுமதிக் கடனான பேக்கிங் கிரெடிட் வாங்கியிருப்பவர்கள் வேறு வங்கியில் இ.இ.எஃப்.சி. திறக்கும் முன் கடன் அனுமதிக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். ஏற்றுமதிப் பணம் முதலில் அந்தக் கடனைத்தான் அடைக்க வேண்டும்.

கரூர்க்காரர் டாலர் கணக்கை மூடிவிட்டார். ஹாம்பர்க் பணத்துக்கு யூரோ கணக்கு ஒன்றைத் திறந்து, கண்காட்சிச் செலவு நெருங்கும் மாதங்களில் மட்டும் அதில் பணம் நிறுத்துகிறார். அமெரிக்கப் பணத்தை வந்த அன்றே விலை பேசி மாற்றிவிடுகிறார். சென்ற முறை கொண்டுவந்த சீட்டில் இடைவெளி 12 காசு. சீட்டின் ஓரத்தில் அன்றைய ஆதார விலையைப் பென்சிலால் அவரே குறித்து வைத்திருந்தார்.