நாய்களோடு பாலைவனத்துக்குக் கேம்பர் ட்ரெய்லர் பயணம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கேம்பர் ட்ரெய்லரை, அதாவது உள்ளே தங்கிப் படுக்கிற இழுவண்டியை, காரில் இழுத்துக்கொண்டு பாலைவனம் போகிறோம் என்றதும் எல்லோரும் வண்டியைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை கிலோ இழுக்கும், சோலார் எத்தனை வாட் என்று. கூட வருகிற நாயைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். நான் நாயிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். அதன் சாதாரண உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நடுவில் இருப்பது இரண்டு டிகிரிதான், அதை நினைத்தே மொத்தப் பயணத்தையும் திட்டமிடுங்கள்.

படி 1: காலம்

குளிர்மாதங்களில் போங்கள். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கும், வயதானவற்றுக்கும் சூடு சீக்கிரம் தாங்காது. வெயில் காலத்தில் அவற்றைக் கூட்டிப்போகவே வேண்டாம். பகல் கொதித்தாலும் இரவு நன்றாகக் குளிரும், ஏனென்றால் காற்று வறண்டு, மேகமும் இல்லாததால் தரையின் சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடும். அதனால் நாய்களுக்கும் ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தண்ணீரும் எடையும்

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர். நாய் சாதாரணமாகக் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். பாலைவனத்தில் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், இருபது கிலோ எடையில் இரண்டு நாய்கள், மூன்று நாள் என்றால் சுமார் 40 லிட்டர் வரும். சமையலும் கழுவலும் தனி, எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் இன்னும் ஒரு நாளுக்குத் தேவையானதும் தனி. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். கற்சாலையில் ஒரு குழாய் விட்டுப்போனால் மொத்தமும் மண்ணுக்குப் போய்விடும். பாதியைக் கேன்களில் வையுங்கள்.

ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அந்தக் கேன்களை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கனமானதெல்லாம் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும், தாழ்வாக இருக்கட்டும். ட்ரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொக்கி) மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் கனத்தால் ட்ரெய்லர் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள்.

படி 3: டயர்

ட்ரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட வெயிலில் வயதாகிக் கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு வயதைத் தொட்டிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். காற்றழுத்தத்தை விடியற்காலையில், ஓட்டுவதற்கு முன்னால் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும், அது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்கவும்.

படி 4: ஓட்டும்போது

நாய்கள் உங்களோடு காரில்தான் வர வேண்டும், மார்புப் பட்டை போட்டுக் கட்டியோ கூண்டிலோ. ஓடும் ட்ரெய்லருக்குள் ஒருபோதும் விடாதீர்கள்: உள்ளே தூசி, சூடு, அங்கே என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கிளம்பினால் விடியலில் கிளம்புங்கள், மதியத்துக்குள் இடம் சேருங்கள்.

படி 5: நிறுத்தும் இடம்

காய்ந்த ஆற்றுப்படுகை சமமாக, மணலாக, பார்க்க அழகாக இருக்கும். அங்கே தங்காதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லாதபோது வெள்ளமாக வந்து நிற்கும்.

கதவும் நிழல் துணியும் இருக்கும் பக்கம் கிழக்கு பார்க்கட்டும். அப்போது மதியத்துக்குப் பிறகு, சூடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், ட்ரெய்லரே நாய்க்கு நிழல் கொடுக்கும். சோலார் பலகை வெயில் கேட்கும், நாய் நிழல் கேட்கும், அதனால் நீளமான வயரோடு தனியாக எடுத்து வைக்கிற பலகைதான் என் தேர்வு.

படி 6: ஏசியை நம்பி நாயை விட்டுப்போகாதீர்கள்

இதைத்தான் அடித்துச் சொல்வேன். 100 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1,280 வாட்-ஹவர் இருக்கிறது. 800 வாட் இழுக்கும் சின்ன ஏசிக்கு அது ஒன்றரை மணி நேரம். மின் இணைப்பு உள்ள முகாமானாலும் நிச்சயமில்லை. ஒருமுறை நாங்கள் குளிக்கப் போய்விட்டுப் பதினைந்து நிமிடத்தில் திரும்பினோம், மின்சாரம் போய் ஏசி நின்றிருந்தது, எங்கள் சின்ன நாய் கதவு இடுக்கில் வருகிற காற்றுக்கு மூக்கை வைத்துத் தரையோடு படுத்திருந்தாள். அன்றிலிருந்து பகலில் யாராவது ஒருவர் நாய்களோடு இருப்போம். ஜன்னலை ஒரு விரல் திறந்து வைப்பது பெரிதாக உதவாது, காரிலும் அப்படித்தான்.

படி 7: நடை

புறங்கையைத் தரையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. காற்று 25 டிகிரி என்றாலும் நேர்வெயிலில் தார்ச்சாலை 50-ஐத் தொடும். கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் வெப்பமான நாட்களில் பாம்புகள் அந்தி நேரத்தில்தான் நடமாடும், நாமும் அப்போதுதான் நடக்கிறோம். பாம்பு நாயைக் கடித்துவிட்டால் கீறவோ கட்டுப்போடவோ ஐஸ் வைக்கவோ கூடாது. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம். அதனால் கிளம்பும் முன்பே வழியில் எங்கே மருத்துவர் இருக்கிறார் என்று குறித்துவையுங்கள். கள்ளிமுள் உருண்டை காலில் ஒட்டினால் சீப்பால் நெம்பித் தள்ளி, மிச்ச முள்ளைக் குறடால் எடுங்கள். நாயை வாயால் பிடுங்கவிட்டால் நாக்கிலும் ஏறும்.

படி 8: சூடு தாக்கினால்

நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பு ஈறு, தள்ளாட்டம், வாந்தி. இதில் எதைப் பார்த்தாலும் நிழலுக்குக் கொண்டுபோய், கையில் இருக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், தொடர்ந்து விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டாதீர்கள். உடல் வெப்பம் 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, காரில் ஏசியை முழுதாக வைத்து மருத்துவரிடம் போங்கள், நாய் எழுந்து வாலாட்டினாலும் போங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.