நண்டு வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள்

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டை வாங்கும்போது, அதைப் புரட்டி வயிற்றுப் பக்கம் மடிந்திருக்கும் மடலைப் பாருங்கள். மடல் குறுகிக் கூர்மையாக இருந்தால் ஆண். அகன்று வளைந்திருந்தால் பெண். பெண் நண்டின் மடலுக்கு வெளியே பஞ்சுபோல முட்டைத்திரள் பிதுங்கியிருந்தால் வாங்காதீர்கள். முதலில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும் அத்திரள், குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கருஞ்சாம்பல் நிறத்துக்கு மாறும். ஒரே நண்டு பல லட்சம் முட்டைகளைச் சுமக்கும் என்பதால், அதை விட்டுவைப்பது வரும் பருவத்தின் பிடிப்பையே காப்பதாகும். சினை நண்டுதான் ருசி என்பார்கள். ஆனால் ஓட்டுக்குள் இருக்கும் சினை வேறு, வெளியே ஒட்டியிருக்கும் இம்முட்டைகள் வேறு. சமைக்கும்போது பெரும்பாலும் கழித்தே எறியப்படும் இவற்றுக்குக் காசு கொடுப்பது வீண். சதைக்காகத்தான் என்றால், பெரிய கொடுக்குள்ள ஆண் நண்டையே கேட்டு வாங்குங்கள்.