பழைய டர்போசார்ஜரில் ஜெட் எஞ்சின்: எரிகுழாயும் எண்ணெய் வழியும்

லாரி எஞ்சினிலிருந்து கழற்றிய டர்போசார்ஜரில் கம்ப்ரசரும் (காற்றை அழுத்தும் சக்கரம்) டர்பைனும் (சூடான வாயுவால் சுழலும் சக்கரம்) ஒரே தண்டில் அமைந்திருக்கின்றன. கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றில் எரிபொருளை (இங்கே புரொப்பேன் எரிவாயுவை) எரித்து, அந்தச் சூடான வாயுவை டர்பைனுக்குள் செலுத்தினால் ஜெட் எஞ்சின் தயார். நாம் உருவாக்க வேண்டியவை நடுவிலுள்ள எரிகலனும் எண்ணெய் அமைப்பும் மட்டுமே.

டர்போவைத் தேர்ந்தெடுக்கும்போது தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். எண்ணெய் இல்லாத நிலையில் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு; முன்னும் பின்னுமாக நகர்வது கையில் தெரிந்தாலோ, இறக்கை நுனி வளைந்திருந்தாலோ அதை விட்டுவிடுங்கள். சிறிய கார் டர்போவைவிடப் பெரிய லாரி டர்போவையே நான் பரிந்துரைப்பேன். அது தானாக ஓடும் நிலையை எளிதில் எட்டுகிறது.

எரிகலன் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு குழாய்கள். வெளிக்கூட்டுக்கும் உள்ளே இருக்கும் எரிகுழாய்க்கும் இடையில் அழுத்தப்பட்ட காற்று நுழைந்து, எரிகுழாயின் துளைகள் வழியாக உள்ளே செல்கிறது. எரிகுழாயை எவர்சில்வரில் செய்யுங்கள்; துத்தநாகம் பூசிய தகட்டைத் தொடவே வேண்டாம், ஏனெனில் அதைச் சூடாக்கினாலோ வெல்டிங் செய்தாலோ நச்சுப்புகை எழும்.

பெரும்பாலோர் தடுமாறுவது துளைகளில்தான். புரொப்பேன் முழுமையாக எரிய அதன் எடையைப் போல ஏறத்தாழ 15.6 மடங்கு காற்று போதும். கம்ப்ரசரோ அதைவிடப் பன்மடங்கு தருகிறது. அவ்வளவையும் ஒரே இடத்தில் விட்டால் சுடர் அணைந்துவிடும் என்பதால், தீ நிலைபெறும் தலைப்பகுதிக்கு 30 சதவீதம், எரிதல் முடியும் நடுப்பகுதிக்கு 20 சதவீதம், வாயுவைக் குளிர்விக்கும் கடைப்பகுதிக்கு 50 சதவீதம் என்று துளைப்பரப்பைப் பிரிக்கிறோம். மொத்தத் துளைப்பரப்பு கம்ப்ரசர் சக்கரத்தின் உள்ளிழுக்கும் வாய்ப்பரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். வாயின் விட்டம் 50 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 1,963 சதுர மி.மீ.; அதற்குத் தலைப்பகுதியில் 6 மி.மீ. துளைகள் 21, நடுவில் 8 மி.மீ. துளைகள் 8, கடைசியில் 12 மி.மீ. துளைகள் 9 வரும். எரிகுழாயின் விட்டம் வாயைப் போல இரு மடங்கு, நீளம் ஆறு மடங்கு என்று வைத்தால், 100 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் கொண்ட குழாய் தேவைப்படும். எரிவாயு முனையும் ஸ்பார்க் பிளக்கும் தலைப்பகுதியிலேயே அமைய வேண்டும்.

தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு எண்ணெயைத் தனி மின்மோட்டார் பம்பு மூலம் 2 முதல் 3 பார் அழுத்தத்தில் செலுத்துங்கள். திரும்பி வரும் எண்ணெய் காற்று கலந்து நுரைத்திருக்கும். அது தன் எடையால் மட்டுமே கீழே இறங்கும். ஆகவே திரும்பும் குழாய் அகலமாகவும், எங்கும் தொய்வில்லாமல் நேர் கீழாகவும், காற்றுத்துளை உள்ள தொட்டியில் முடிவதாகவும் இருக்க வேண்டும். இந்த வழி தடைபட்டால் எண்ணெய் டர்பைன் பக்கம் கசிந்து, நீலம் கலந்த வெண்புகை கிளம்பும். எண்ணெயைத் தடுக்கும் சீல் போய்விட்டது என்று டர்போவையே மாற்றும் முன் இந்தக் குழாயைச் சரிபாருங்கள்.

தொடங்கும் வரிசை மாறக்கூடாது: முதலில் எண்ணெய், அடுத்து கம்ப்ரசர் வாயில் புளோயர் காற்று, பிறகு தீப்பொறி, கடைசியாக மெதுவாக எரிவாயு. எரிவாயுவை முன்னதாகத் திறந்தால் அது உள்ளே தேங்கி வெடிக்கும். எஞ்சின் தானாக வேகமெடுக்கும் வரை புளோயரை எடுக்காதீர்கள். வெளியேறும் வாயுவின் வெப்பத்தை 650 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். சக்கரம் சிதறினால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பாயும் என்பதால், சக்கரங்கள் சுழலும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. திறந்தவெளி, காதுக்காப்பு, தீயணைப்பான், கைக்கெட்டும் தூரத்தில் எரிவாயு வால்வு ஆகியவை இல்லாமல் தொடங்காதீர்கள். நிறுத்தும்போது எரிவாயுவை மூடிய பிறகும், டர்போ ஆறும் வரை எண்ணெயும் காற்றும் ஓடட்டும். இல்லையெனில் பேரிங்கில் எண்ணெய் கருகிப் படியும்.

பின்சேர்க்கை: சில நிமிடங்களில் எஞ்சின் வேகம் தானாகக் குறைகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். புரொப்பேன் சிலிண்டரின் வெளிப்புறத்தில் உறைபனி படிந்திருந்தால், உள்ளே இருக்கும் திரவ புரொப்பேன் வேகமாக ஆவியாகிச் சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். அதை நெருப்பால் சூடாக்க ஒருபோதும் முயலாதீர்கள். பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள்.