தே தாரிக் நிறத்தில் வந்த கியர் ஆயில்

பொங்கோலில் மீன்பிடிக்க எடுத்துப் போகும் எங்கள் சிறு படகில் இருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார். இன்ஜின் ஆயில் பெட்ரோலோடு கலந்துவிடும். மாற்ற வேண்டியது மோட்டாரின் கீழே, புரொப்பெல்லர் பக்கம் இருக்கும் கியர் பெட்டியின் ஆயிலைத்தான்.

அடித் திருகைக் கழற்றி, அப்புறம் மேல் திருகையையும் கழற்றினேன். தே தாரிக், அதாவது பால் தேநீர் நிறத்தில் ஆயில் வடிந்தது. நெஞ்சு திக்கென்றது. ஆயில் இப்படிப் பால்போல் வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது! திருகு வாஷர்கள் இரண்டும் நசுங்கி, ஓரத்தில் வெடித்திருந்தன. புதிது போட்டேன்.

ஆயிலை மேலிருந்து ஊற்றாதீர்கள், காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். கீழ்த் துளையில் பம்ப்பை மாட்டி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் மேல் திருகை மூடிவிட்டு, பம்ப்பை எடுத்ததும் சட்டென்று கீழ்த் திருகைப் போடுங்கள்.

இரண்டு முறை கடலுக்குப் போய்வந்து, கொஞ்சம் வடித்துப் பார்த்தேன். தேன்போல் தெளிவாக இருந்தது.